கட்டளையும் கனிவும், பெட்டி பெட்டியாக

உயிரே போனாலும் வாசல் பக்கத்து அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். அதை மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூடவே இன்னொரு முடிவும் எடுத்தேன்.

அந்த அறையில்தான் என் புத்தகம் இருக்கிறது. ஒரு பிரதி இரண்டு பிரதி இல்லை. நானே எழுதி, நானே பிழை திருத்தி, நானே வெளியிட்ட 'கட்டளையும் கனிவும்: ஒரு குடும்பத் தலைவரின் நிர்வாக முறைகள்' அட்டைப் பெட்டிகளில் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பதிப்பகங்கள் அருமை தெரியாமல் திருப்பி அனுப்பின. அச்சகத்துக்காரர் ஒருவர்தான் அருமை தெரிந்தவர். கொஞ்சமாக அடித்தால் கட்டுப்படியாகாது, ஆயிரமாக அடித்துவிடுங்கள் என்றார். அடித்துவிட்டேன்.

நான் ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுநாளே அந்த நிர்வாகத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறை டப்பாக்களுக்கு எண் போட்டேன். வெங்காயத்தில் முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று முறை வைத்தேன். மனைவி எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று அதைவிடச் சுலபமான வழி ஒன்றை எடுத்துச் சொன்னேன். அவள் பதில் பேசுவதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதினேன்.

இப்போது இரண்டாம் பாகம் எழுத வேண்டும். அதற்கு ஓர் அமைதியான அறை வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தபோதுதான் மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"இந்த ரூமை என்ன பண்றதா உத்தேசம்?"

"ரெண்டாம் பாகம் எழுதப் போறேன்."

"மொதல் பாகமே இன்னும் ரூமை விட்டுப் போகலையே."

"நல்ல புஸ்தகம் மெதுவாத்தான் போகும்."

"இது மெதுவாக்கூடப் போகலைங்க. உக்காந்துருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் நடக்கிற கண்காட்சியை நினைவுபடுத்தினாள். சொந்தமாகப் புத்தகம் போட்டவர்கள் எல்லோரும் ஒரு மண்டபத்தில் ஆளுக்கொரு மேஜை போட்டு விற்கிற கண்காட்சி அது. எனக்கும் ஒரு மேஜை பதிவாகியிருந்தது. எழுத்தாளன் தானே போன் செய்து இடம் கேட்டால் கெத்தாக இருக்காது என்பதால் மனைவியை விட்டுத்தான் பேசச் சொன்னேன். அவளும் கண்காட்சி நடத்துகிறவரோடு வெகுநேரம் பேசினாள்.

இப்போது அவள் ஒரு பந்தயம் வைத்தாள். எல்லாப் பெட்டிகளையும் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். முடிந்து வரும்போது என் புத்தகத்தில் ஒரு பிரதிகூட வீட்டுக்குத் திரும்பக் கூடாது. திரும்பாவிட்டால் அறை ஆயுசுக்கும் எனக்கு, அவள் அந்தப் பேச்சே எடுக்க மாட்டாள். ஒன்று திரும்பினாலும் அறை அவளுக்கு.

"உனக்கு எதுக்கு அந்த ரூம்?" என்றேன்.

"அதைக் கெடைச்சப்பறம் யோசிச்சுக்கறேன்."

எதையும் யோசிக்காமல் அறை கேட்கிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். சரி என்றேன்.

மண்டபத்தில் பார்த்தால், நானும் எழுதாமல் விட்டிருந்தால் உலகத்தில் புத்தகம் எழுதாதவன் நான் மட்டும்தான் பாக்கி இருந்திருப்பேன் போலத் தோன்றியது. எதிர் மேஜையில் ஒரு பேருந்து ஓட்டுநர், கொலையும் துப்பறிதலுமாக மூன்று நாவல் போட்டிருந்தார். மூன்றிலும் பிணம் கடைசி இருக்கையில்தான் கிடக்கும். அவருக்கு அடுத்து ஒரு பல் டாக்டர், குழந்தைகளுக்குப் பேய்க்கதை எழுதியவர். வாயைத் திறக்க வைப்பதில் அனுபவம் உள்ளவர். ஓர் எலெக்ட்ரீஷியன் கணக்குப் புதிர்கள் போட்டிருந்தார். ஒரு நர்ஸ் அம்மா மாடித் தோட்டம் பற்றி எழுதியிருந்தார். தன் பூனையின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாக எழுதிய ஒருவரும் இருந்தார். பூனை இன்னும் உயிரோடு இருப்பதால் மூன்றாம் பாகமும் வரும் என்றார். எனக்குப் பக்கத்து மேஜை ஒரு டீச்சருடையது. படக்கதை எழுதுகிறவர். எல்லாக் கதையிலும் ஒரு முயல் வருவதால் முயல் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கண்காட்சியை நடத்துகிறவரும் அவர்தான்.

ஜனங்கள் வந்தார்கள். முயல் டீச்சர் மேஜையில் குழந்தைகள் மொய்த்தன. என் மேஜைக்கு வந்தவர்கள் புத்தகத்தை எடுத்தார்கள், பின்னட்டையில் என் படத்தைப் பார்த்தார்கள், பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையோடு மெதுவாகத் திரும்ப வைத்தார்கள். ஓர் அம்மாள் மட்டும் பொருளடக்கத்தைத் தன் கணவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். 'மனைவியின் மௌனத்தைக் கையாளுதல்' என்ற இடத்தில் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடத் தயாரானேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலம். மேஜைக்குக் கீழேயும் பின்னாலும் பெட்டிகள் வந்த மாதிரியே இருந்தன. புத்தகம் விற்காதது ஒரு வருத்தம் என்றால், அறை போகிறதே என்பது அதைவிடப் பெரிய வருத்தம். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சாமானுக்குக் காவல் இருந்தவன் நான். எனக்கென்று ஒரு கதவு, ஒரு நாற்காலி, அங்கே உட்கார்ந்து எழுத ஒரு விஷயம். கேட்டது அவ்வளவுதான். இரண்டு பெட்டியை மண்டபத்தின் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். காவலாளி ஓடிவந்து, சாமானை மறந்துட்டீங்களே சார் என்று இரண்டையும் தூக்கிவந்து மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் முயல் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை பெட்டி மிச்சம் அண்ணா?"

"ஏதோ கொஞ்சம்."

"மாத்திக்கலாமே. கடைசி நாள் நாங்க எல்லாரும் அப்படித்தான். உங்க புஸ்தகத்தை மத்தவங்க எடுத்துப்பாங்க, அவங்க புஸ்தகத்தை நீங்க எடுத்துக்கணும்."

என் தலைக்குள் விளக்கு எரிந்தது. பந்தயம் என்ன? என் புத்தகம் திரும்பக் கூடாது. அவ்வளவுதானே. அடுத்தவர் புத்தகம் வரக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே. இத்தனை வருடக் கிடங்கு நிர்வாகம் வீண்போகவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முயல் டீச்சரே கூட வந்து மேஜை மேஜையாகப் பேசி முடித்தார். யாரும் மறுக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரையும் வீட்டில் யாரோ இதே மாதிரி மிரட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். பேருந்து ஓட்டுநர் என் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, நல்ல கனம், மேட்டில் வண்டி நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றார். பாராட்டு எந்த வழியில் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பொழுது சாய்வதற்குள் என் புத்தகம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வேனில் என்னோடு வந்தவை பிணங்கள், பேய்கள், புதிர்கள், பூனை, தோட்டம், ஏகப்பட்ட முயல்கள்.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். வேனிலிருந்து பெட்டிகள் இறங்க இறங்க அவள் முகத்தையே பார்த்தேன். வாதாடுவதற்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். இன்னொன்றைத் திறந்தாள்.

"உங்க புஸ்தகம் ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லை. வேணும்னா தேடிப் பாத்துக்கோ."

"எதுக்குத் தேடணும். நீங்க ஜெயிச்சிட்டீங்க. ரூம் உங்களுக்குத்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் தோற்று நான் பார்த்ததில்லை. பாவமாகக்கூட இருந்தது. தோற்றவளிடம் பெருந்தன்மை காட்ட வேண்டும் என்று அன்றைக்கு வெங்காயம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தச்சர் வந்து சுவருக்குச் சுவர் அலமாரி மாட்டினார். அளவெடுக்காமலே எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. எப்போது அளவெடுத்தீர்கள் என்று கேட்டேன். போன மாதமே அம்மா கொடுத்துவிட்டார்களே என்றார். எழுதப்போகிறவனுக்கு அலமாரி வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்திருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெட்டிகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினேன். அடுக்குவது என்று வந்துவிட்டால் என்னை யாரும் மிஞ்ச முடியாது. குழந்தைகள் புத்தகம் கீழ்த்தட்டில், கைக்கு எட்டுகிற மாதிரி. பெரியவர்கள் புத்தகம் மேலே. பேய் ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம். முயல்களை உயரப்படி நிறுத்தினேன். கடைசியில் தள்ளி நின்று பார்த்தபோது அறை அழகாக இருந்தது. மேஜையைப் போட்டு, வெள்ளைத் தாளை எடுத்து, 'இரண்டாம் பாகம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்த நேரத்தில் அறையின் தெருப்பக்கத்துக் கதவு திறந்தது. பல வருடமாகத் திறக்காத கதவு. ஓர் ஆள் ஏணி மேல் நின்று பலகை மாட்டிக்கொண்டிருந்தான். 'பெரியவர்க்கும் சிறியவர்க்கும் புத்தகங்கள்' என்று எழுதியிருந்தது. கீழே முயல் டீச்சர் நின்றார். பின்னால் ஒரு கும்பல் குழந்தைகள்.

டீச்சர் அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் சொன்னார். "போன்ல நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து அனுப்பிட்டேன் அக்கா. சரியா இருக்கா?"

"ரொம்பச் சரியா இருக்கு."

என் கையிலிருந்த பேனா தானாக மூடிக்கொண்டது. மனைவியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"இது என் ரூம். நீதான் சொன்னே."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். உங்க ரூம். அதனாலதான் நீங்க உக்காரணும். நான் எப்படி உங்க ரூம்ல உக்கார முடியும்?"

"அப்ப ரெண்டாம் பாகம்?"

"ஆள் இல்லாதப்ப எழுதுங்க."

ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்தால்தானே. காலையில் திறந்தால் தோட்டம் கேட்டு அம்மாக்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பேய் கேட்டுப் பிள்ளைகள் வருகின்றன. பிணக் கதையில் கொலைகாரன் யார் என்பதை முன்னாடியே சொல்லிவிட்டேன் என்று ஒருவர் என்னோடு சண்டை பிடிக்கிறார். பூனைப் புத்தகம் விற்றுத் தீர்ந்துவிட்டது, எழுதியவரை இன்னும் இரண்டு பெட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் புத்தகத்தை ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். இதுவரை இல்லை. மதியச் சாப்பாடு தட்டில் வந்துவிடுகிறது. டீயும் வந்துவிடுகிறது. நான் அறையை விட்டு உள்ளே போக ஒரு காரணமும் இல்லாமல் எல்லாம் வந்துவிடுகிறது.

நேற்று டீயோடு வந்தவளிடம் கேட்டே விட்டேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு இந்த ரூம் வேணும்னுதானே பந்தயமே வெச்சே. கடைசில எனக்குக் குடுத்துட்டே. இதுல உனக்கு என்ன லாபம்?"

"எனக்கு எதுக்குங்க ரூம்? அது உங்களுக்கே இருக்கட்டும். மிச்ச வீடுதான் எனக்கு வேண்டியிருந்தது" என்று சொல்லி, டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போய், வீட்டுக்குள் போகிற கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.