மைனஸ் நூறு பேர் வந்த கல்யாணம்

தன் புத்திசாலித்தனத்தைத் தன் கல்யாணத்திலேயே பரிசோதித்துப் பார்க்கத் துணிந்த பெண்ணை யாராலும் தடுக்க முடியாது. என்னையும் தடுக்க முடியவில்லை.

அப்போது நான் திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் ஓடத் தோன்றும் வயது. (இப்போதும் அப்படித்தான், முழங்கால்தான் சம்மதிப்பதில்லை.) வீடு வீடாகப் போய், வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்துக் கல்யாணத்துக்கு அழைப்பதெல்லாம் கற்கால வழக்கம் என்று அறிவித்தேன். ஒரு படிவம் செய்து, அதன் லிங்கை எல்லோர் போனுக்கும் அனுப்பினேன். பெயர், ஊர், எத்தனை பேர் வருவீர்கள், அவ்வளவுதான் கேள்வி. எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழேயோ பத்துக்கு மேலேயோ போனால் சிவப்பு எழுத்து வந்து மறிக்கும். கோபுரத்தின் மேல் சாயங்கால வெயில் இறங்குகிற சிவப்பு அது. நானே தப்பாகப் போட்டுப் போட்டுப் பார்த்து ரசித்தேன்.

அந்தக் காவலை பிரவுசரில் மட்டும்தான் வைத்திருந்தேன். பிரவுசர் விருந்தாளியின் கையில் இருப்பது. அவர் நினைத்தால் அதன் வாயைப் பொத்திவிடலாம். வந்து சேர்வதை இன்னொரு முறை சோதிக்க வேண்டியது நம் கையில் இருக்கும் சர்வர். என் சர்வரோ, யார் எதைக் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூட்டிப்போடுகிற பரம சாது.

"எதுக்கும் ஒரு நூறு பேருக்குச் சேத்துச் சொல்லிடலாம்மா" என்றார் என் அப்பா, அதாவது நைனா.

"இருநூத்தி அறுபது நைனா. கம்ப்யூட்டரு கூட்டின கணக்கு. சோத்த வடிச்சுக் கீழ கொட்டணுமா?"

சமையல்காரருக்கு இருநூற்று அறுபதே போனது.

நாராயணவனத்தில் கல்யாணம். தாலி ஏறியது. இரண்டாவது பந்தி பாதியில் நைனா மேடையேறி, ஆசீர்வதிப்பவர்போலக் குனிந்தார். "சோறு தீந்துபோச்சு. வேலூர்லருந்து மாப்பிள்ளை ஊட்டு பஸ்ஸு இப்பதான் வந்து நிக்குது."

சம்பந்தி வீட்டார் பசியோடு திரும்பினால், நைனா அதற்குப் பிறகு வேலூர் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்கமாட்டார். மாலைக்கு அடியிலிருந்து போனை உருவினேன்.

"இன்னா பண்ற?" என்றார் மாப்பிள்ளை.

"டேட்டாபேஸ் பாக்குறேன்."

"இப்பவா?" கணவராக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

வரிவரியாக இறங்கினேன். நாலு பேர், ஆறு பேர், மூணு பேர். அப்புறம், சித்தூர்த் தாய்மாமன்: மைனஸ் நூறு.

மாமா அப்போது முதல் பந்தி முடித்து, வேன் நிறையக் கூட்டிவந்த தன் ஆட்களுக்கு பீடா பங்கிட்டுக்கொண்டிருந்தார். மேடைக்கு வரவழைத்தேன்.

"மைனஸ் நூறுன்னு போட்டுக்கீறியே மாமா?"

"பின்ன, தாய்மாமன போன்ல அழைப்பியா நீ? நானும் வரமாட்டேன், இன்னும் நூறு பேர வர உடமாட்டேன்னு கோவத்துல சொன்னேன். உன் சிவப்பு எழுத்து ஒத்துக்கல. நம்ம பானுதான் உள்ள பூந்து அத எடுத்துட்டா."

பானு அவர் மகள், என்னைப்போலவே கம்ப்யூட்டர் படித்தவள். தூணுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "சர்வர்ல தடுத்துடும்னு நெனச்சேன்க்கா. எல்லாரும் அங்கயும் செக் பண்ணுவாங்கல்ல." (அந்த 'எல்லாரும்' இன்னும் குத்துகிறது.)

"அப்புறம் எதுக்கு வந்த மாமா?"

"தாய்மாமன் வராம கல்யாணமா? ஒருத்தன் கோவத்துல சொன்னா, அதப் போயி கணக்குல ஏத்திக்கினு இருக்குமா உன் மிசினு?"

ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. முந்நூற்று அறுபதில் நூறைக் கழித்துத்தான் அந்த இருநூற்று அறுபது.

தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம் வைத்து, கூறைப்புடவையோடு குனிந்து, நடந்து முடிந்த கல்யாணத்துக்கு அவரை முறைப்படி அழைத்தேன். "அவசியம் வந்துடணும் மாமா." மண்டபமே சிரித்தது. மாமா குங்குமம் இட்டுக்கொண்டு, "பர்வாலேது, போனாப் போவுது, வரேன்" என்றார். அடுத்த நிமிடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையற்கட்டில் நின்றார். பானு வேனில் போய்க் கடைத்தெருவில் இருந்த ரவையையெல்லாம் அள்ளிவந்தாள். அண்டாவில் நெய்யும் முந்திரியும் மணக்க உப்புமா எழுந்தது.

என் மாமியார் இலையைப் பார்த்தார். "கல்யாணத்துல உப்புமாவா?"

நைனா தூணைப் பிடித்துக்கொண்டார். மாமா மட்டும் கரண்டியோடு நிமிர்ந்து, "எங்க சித்தூரு பக்கம் தாய்மாமன் கையால உப்புமா போட்டாத்தான் கல்யாணம் நெறவாவும்" என்றார்.

மாமியார் ஒரு வாய் தின்றார். "நல்ல பழக்கந்தான். இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."

போன ஆவணியில் வேலூரில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கடைசிப் பந்தியில் பெண்ணின் தாய்மாமன், அதாவது என் வீட்டுக்காரர், உப்புமா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து இலைக்காரர் முகம் சுளித்தார். "சித்தூர்க்காரங்க காலங்காலமா செய்யற சம்பிரதாயங்க, நாங்களும் உடறதில்ல" என்று மாமியார் பக்தியோடு விளக்கினார்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பானு என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.