மாப்பிள்ளை அனுப்பிய மாடி பஸ்

தென்காசி,
வியாழக்கிழமை, சாரல் விட்டுவிட்டு அடிக்கிறது.

மாப்பிள்ளை திரு. மணிகண்டபிரபு அவர்கள் சமுகத்துக்கு, உங்கள் மாமனார் இசக்கிப்பாண்டி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சாரலும் சுகம். அங்கே பூனாவில் நீங்களும் அபர்ணாவும் உங்கள் இருவரின் கம்பெனிகளும் சுகமாயிருக்கப் பண்பொழி மலைமேல் இருக்கிற சாமி பார்த்துக்கொள்வார். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று அதைத் திருத்துகிறாள், அந்தப் பக்கம் அபர்ணா அழுகிறாள், நடுவில் டவர் போய்விடுகிறது. ஆகவே, என் மைத்துனன் சுடலைமணி போன வாரம் உங்களைக் கூப்பிட்டு, "அத்தான நெனச்சா பயமா இருக்கு, ஒடனே கெளம்பி வாங்க" என்று சொன்னது எதனால் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசிக்கவும்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வைகாசி பிறந்து வந்து சேர்ந்தது. பிரித்தேன். பெட்டியின் மேல் ரெண்டு மாடி சிவப்பு லண்டன் பஸ் படம் ஜம்மென்று இருந்தது. உள்ளே பஸ் இல்லை. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக்கில் சக்கரம், சன்னல், சீட்டு, கைப்பிடி என்று மீன் முள் மாதிரி நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. 'மாமா ஆயுசெல்லாம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்கிறார், பஸ்ஸைக் கட்டட்டும்' என்று நீங்கள் நினைத்தது நல்ல மனசு. ஆனால் பெட்டிக்குள் பசை இல்லை, பெயிண்ட் இல்லை, வெட்டுகிற சாமான் எதுவும் இல்லை. அதெல்லாம் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பெட்டியின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தான். பாத்திரம் இல்லாமல் அரிசி அனுப்பின மாதிரி ஆகிவிட்டது. உங்களிடம் சொன்னால் அதையும் அனுப்பிவைப்பீர்கள், மருமகனுக்கு எதற்குச் செலவு என்று நானே வாங்கப் புறப்பட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் ஹார்டுவேர் கடை. சின்னதாக வெட்டுகிற சாமான் கேட்டேன், எலக்ட்ரீசியன் வைத்திருக்கிற கட்டிங் பிளேயரைக் கொடுத்தான். வீட்டில் வந்து ஸ்டியரிங்கை வெட்டினேன். டப்பென்று ஒரு சத்தம், ஸ்டியரிங் பறந்துபோய் அத்தை அரைத்துவைத்திருந்த துவையலில் விழுந்தது. அன்றைக்கு யார் சாப்பிட்டார்களோ, இன்றுவரை அகப்படவில்லை. சரி போகிறது, சக்கரத்தை ஒட்டுவோம் என்று பெட்டிக்கடையில் வாங்கிய உடனடிப் பசையைப் பிதுக்கினேன். சக்கரம் ஒட்டவில்லை, என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. இழுத்தால் தோல் வருகிறது. அப்படியே கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை உள்ளே வந்தாள். நம்ம முப்பிடாதியைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒன்றைப் பார்த்தால் ஒன்பது நினைப்பாள். "இதென்ன, சின்முத்திரை புடிச்சிக்கிட்டு இருக்கீய? சாமியாராப் போவப் போறீயளோ?" என்றாள். நான் வெட்கப்பட்டுப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது.

அந்தப் பசை நகப்பூச்சு அழிக்கிற தண்ணிக்கு இளகும் என்று செல்போனில் பார்த்தேன். பஜாரில் மாஜிதா வைத்திருக்கிற ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன். அது நல்ல பிள்ளை, நம்ம அபர்ணாவோடு படித்தது. "யாருக்கு மாமா?" என்றது. "எனக்குத்தாம்மா" என்றேன், ஒட்டின கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. அங்கே வரிசையாக நகப்பூச்சுப் பாட்டில்களைப் பார்த்ததும் எனக்குப் புத்தி ஓடியது. இவ்வளவு சின்ன பாட்டில், மூடியிலேயே பிரஷ், பஸ்ஸுக்கு இதைவிடப் பெயிண்ட் வேறென்ன வேண்டும்? "ஏம்மா, பஸ் செவப்பு இருக்கா?" "எந்த பஸ்ஸு மாமா?" "லண்டன் பஸ்ஸு." அது என்னைக் காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு நாலைந்து சிவப்பு எடுத்துவைத்தது. எது சரி என்று என் நகத்திலேயே பூசிப் பார்த்தேன். நகம் தேய்க்கிற அரம், புருவம் எடுக்கிற சாமணம், கண்மை பிரஷ் எல்லாம் நமக்குத் தோதாக இருக்கவே அதையும் வாங்கினேன். கடை வாசலிலேயே அந்தத் தண்ணியை ஊற்றினேன், விரல் பிரிந்துவிட்டது. நகத்தை அழிக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். சோறு பிசைகிற கையில் மூன்று நகம் மூன்று சிவப்பாக இருந்தால் எந்தப் பொம்பளைதான் சும்மா இருப்பாள்? ஆனால் முப்பிடாதி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்காமல் போனது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் டிவியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் மெடிக்கல் ஸ்டோர் ஸ்டான்லியிடம் போனேன். பிளாஸ்டிக்கைச் சீவ டாக்டர்கள் ஆபரேஷனுக்கு வைத்திருக்கிற பிளேடுதான் நல்லது என்று ஒரு வீடியோவில் ஒருவன் சொன்னான். ஸ்டான்லியிடம் கேட்டேன். "எதுக்கு அண்ணாச்சி?" என்றார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்: "ஒரு வேலை இருக்கு ஸ்டான்லி. ரொம்ப நாளாத் தள்ளிப் போட்டுக்கிட்டே வாரேன். இன்னைக்கு அவ கோயிலுக்குப் போவா, வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, உக்காந்து முடிச்சிரலாம்னு பாக்கேன். அவளுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா சத்தம் போடுவா." துவையலுக்குப் பிறகு வீட்டில் பஸ் வேலை செய்யக்கூடாது என்று தடை இருந்தது, அதனால் அப்படிச் சொன்னேன். ஸ்டான்லி முகம் வெளுத்துவிட்டது. பிளேடு ஸ்டாக் இல்லை என்றார். உள்ளே கூட்டிக்கொண்டுபோய் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்துக் குளுக்கோஸ் கலந்து கொடுத்தார். "அண்ணாச்சி, எது வந்தாலும் நாம பேசித் தீத்துக்கலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்தச் சிவப்பு நகத்தோடு. கர்த்தர் எல்லாருக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்றார். எனக்குக் கத்தி வேணும், இவர் கர்த்தரைச் சொல்லுதாரே என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அரிவாள்மனையைக் காணோம், வெங்காயம் வெட்டுகிற கத்தியைக் காணோம், என் ஷேவிங் செட்டைக் காணோம். மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. கூட்டுக்குக் காயை அத்தை கையாலேயே பிய்த்துப் போட்டிருந்தாள். சுடலைமணி வேலைக்குப் போகாமல் நடுவீட்டில் உட்கார்ந்து, "அத்தான், கேரம் போர்டு ஆடுவமா?" என்கிறான். அவனுக்கு வயசு ஐம்பத்திரண்டு. நான் பாத்ரூம் போனால் வாசலில் நின்று இருமுகிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை ஏமாற்றி எல்லாருமாக ஏதோ செய்கிறார்கள் என்று கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சுடலைமணி டீ குடிக்கப் போன நேரம், குத்தாலத்துக்குப் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். சீசன் கடைகளில் பூதக்கண்ணாடி கிடைக்கும், சின்னச் சாமானைப் பார்க்க எனக்குக் கண் எட்டவில்லை, அதற்குத்தான். ஆனால் கையில் துண்டு இல்லை, எண்ணெய் இல்லை, மாற்று வேட்டி இல்லை. சாரல் காலத்தில் குளிக்கிற யோசனை இல்லாமல் குத்தாலம் போகிற தென்காசிக்காரன் எவன் இருக்கிறான்? அத்தைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஐந்தருவிக்குப் பக்கத்துக் கடையில் நல்ல கண்ணாடி ஒன்று கிடைத்தது. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கம்பிக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்று, கண்ணாடி எவ்வளவு பெரிசாகக் காட்டுகிறது என்று என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டான். சுடலைமணி. "அத்தான், வேண்டாம் அத்தான்!" என்று அலறுகிறான். அவன் பின்னால் ஸ்டான்லி, கடையைப் பூட்டிவிட்டு. அவர் பின்னால் உங்கள் அத்தை, செருப்பில்லாமல், தலைமுடி அவிழ்ந்து, சாரலில் நனைந்துகொண்டு. கூட்டமே எங்களைச் சுற்றிவிட்டது. "என்னலே, விடுலே!" என்று நான் கத்த, என்னைத் தரையில் இறக்கி உட்காரவைத்து, மாஜிதா நகப்பூச்சையும் ஸ்டான்லி பிளேடையும் அத்தையிடம் வந்து சொன்னது முதல் விஷயத்தை எல்லாம் சொன்னார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"நா அப்படிப்பட்டவனாடீ?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "ஊருல வார போற பஸ்ஸுக்கெல்லாம் மைக்குல பேசுன மனுசன். சங்கரன்கோவில் பஸ்ஸு எங்க நிக்கி, ராஜபாளையம் பஸ்ஸு எப்பம் எடுப்பான்னு நாளெல்லாம் சொன்ன வாயி. வேலைய விட்டு வந்தப் பொறவு எங்கிட்ட என்ன சொன்னீய? உப்பு கூடன்னாவது சொன்னீயளா? டிவியச் சத்தம் இல்லாமப் பாக்கீய. கேட்டாப் பதில் இல்ல. நா யாருகிட்டப் போயிக் கேக்க?"

மாப்பிள்ளை, திரும்பி வரும்போது சுடலைமணி வண்டியில் நான் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஸ்டான்லி, மாஜிதா, சுடலைமணி, பெண்டாட்டி, இத்தனை பேரில் ஒருவர்கூட 'சேச்சே, இசக்கிப்பாண்டி அப்படிச் செய்கிற ஆள் இல்லை' என்று சொல்லவில்லை. நான் லாட்டரியில் ஜெயித்தேன் என்றால் நம்பியிருக்க மாட்டார்கள். இதை உடனே நம்பிவிட்டார்கள். அப்படியானால் வெளியிலிருந்து பார்க்க நான் எப்படி இருந்திருக்கிறேன்? முதலில் கோபம் வந்தது. இலஞ்சி தாண்டும்போது கோபம் வடிந்துவிட்டது. நம்பினார்கள்தான், நம்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளவில்லையே, மழையில் செருப்பில்லாமல் ஓடிவந்தார்களே.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்து கொட்டிக் காட்டினேன். ஸ்டான்லி மறுநாளே பிளேடையும் அதற்கு ஒரு கைப்பிடியையும் அவரே கொண்டுவந்து தந்தார், கூட ஒரு ஆள் இருக்கும்போதுதான் எடுக்கணும் என்ற நிபந்தனையோடு. அந்த ஆள் உங்கள் அத்தைதான். சும்மா உட்காரப் பிடிக்காமல் சீட்டுகளை அவளே ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். "இவ்வளவு சீட்டு இருக்கே, கண்டக்டர எங்க?" என்று கேட்கிறாள். போர்டு எழுதுவதில்தான் சண்டை. நான் செங்கோட்டை என்றேன், அவள் தான் பிறந்த சிவகிரி என்றாள். லண்டன் பஸ் இப்போது சிவகிரிக்குப் போகிறது, ஸ்டியரிங் இல்லாமல்.

ஆகவே நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லாம் ஒரு பிளேடால் வந்த குழப்பம். அப்படி ஒரு நினைப்பு என் தலையில் ஒருநாளும் வந்ததில்லை என்று அபர்ணாவிடம் உறுதியாகச் சொல்லவும். லீவு போட்டு வரத் தேவையில்லை, எடுத்திருக்கிற ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடவும். உங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் வணக்கம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், வாயாரப் பேசிக்கொண்டு நூறு வருசம் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
இசக்கிப்பாண்டி

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு திருத்தம். 'ஒருநாளும் வந்ததில்லை' என்ற வரியை அடித்துவிட்டு வாசிக்கவும். வந்தது, மாப்பிள்ளை. சித்திரையில், உங்கள் பார்சல் வருவதற்கு முன்னால், ஒரு மத்தியானம் வந்து கொஞ்ச நாள் கூடவே இருந்தது. பஸ் வேலை ஆரம்பித்த பிறகு அவ்வளவாக இல்லை. ஸ்டான்லி பிளேடைத் தப்பாகப் புரிந்துகொண்டார், என்னை இல்லை. நேற்று முப்பிடாதியிடம் சொன்னேன். கையிலிருந்த பஸ் சீட்டை அதன் இடத்தில் ஒட்டி அழுத்தினாள். பிறகு, "திங்கக்கெழம திருநவேலில டாக்டரப் பாப்போம், நானும் வாரேன்" என்றாள். போகிறோம். அபர்ணாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் நேரில் நானே சொல்லுதேன். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். ரெண்டு பேரும் வாங்க.