பூங்காவனத்துக்குக் கிடைத்த இங்கிலீஷ் பட்டம்

பாரிவாக்கத்தில் அந்தத் தெருவிலேயே இங்கிலீஷ் டிக்ஷனரி வைத்திருந்தவர் திருவேங்கடம் ஒருவர்தான். அம்பத்தூர் பாக்டரியில் குமாஸ்தா. எழுபத்திரண்டாம் வருஷத்துக் கோடையில், இரண்டாவது அடிபம்பு கேட்டுத் தெருவே திரண்டு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போவதாக இருந்தது. முன்னால் நின்று அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசப்போவது தான்தான் என்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காத்திருந்தார்.

ஒரே இடைஞ்சல், மனைவி பூங்காவனம். பம்படியில் அவள் வாயைத் திறந்தால் பூந்தமல்லி பஸ்கூட ஹாரனை அடக்கிக்கொள்ளும். பெண்டாட்டியையே அடக்க முடியாதவரை நம்பி யார் தலைமை கொடுப்பார்கள்? திட்டினால் வட்டியோடு திருப்பித் தருவாள். அதனால் புரியாத பாஷையில் திட்டி மனசை ஆற்றிக்கொள்வதென்று தீர்மானித்தார். டிக்ஷனரியில் 'பக்னேஷியஸ்' அகப்பட்டது. எப்போதும் சண்டைக்கு நிற்கிற குணம். லத்தீனில் மடக்கிய கைமுட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

அன்று குழம்பில் உப்பு கூடியிருந்தது.

"நீ ரொம்ப பக்னேஷியஸ்" என்றார்.

"அப்டின்னா இன்னா மாமா?"

அவள் கையில் கரண்டி இருந்தது.

"தலைமை தாங்குற குணம்னு அர்த்தம்" என்றார் அவசரமாக.

பூங்காவனம் பூரித்துப்போனதாகத்தான் தெரிந்தது. மறுநாளே பம்படியில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். படித்த மனுஷன் சொந்தப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சர்டிபிகேட் ஆயிற்றே, தெரு மறுபேச்சுப் பேசவில்லை. பெரியவர் அய்யாசாமி வீடு தேடி வந்து, நாளைக்கு ஆபீசில் பூங்காவனமே முன்னால் நிற்கட்டும் என்று முடிவானதைச் சொல்லி, திருவேங்கடத்தின் பெருந்தன்மையையும் மெச்சிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டுமுன்பே திருவேங்கடம் அடுப்படிக்கு ஓடினார். தலைமை கைவிட்டுப் போகிற பதைப்பில் உண்மையைப் போட்டு உடைத்தார்.

"அது புகழ்ச்சி இல்லடி. சண்டைக்காரின்னு அர்த்தம்."

பூங்காவனம் நிதானமாகக் கொண்டையை முடிந்தாள்.

"தெரியும் மாமா. அன்னிக்கே பக்கத்துத் தெரு கோதண்டம் வாத்தியாரு ஊட்டாண்ட போய்க் கேட்டுக்கினு வந்துட்டேன். கைமுட்டிலேர்ந்து வந்த வார்த்தையாமே."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் சொன்னே?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன். அதுல பொய் இன்னா கீது?"

அத்தனை எரிச்சலிலும் அவருக்கு, இப்படிப்பட்டவள் தன் பெண்டாட்டி என்பதில் பெருமையாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், நாளைக்குத் தானும் வரலாமா என்று மெல்லக் கேட்டார்.

"வராம? அதிகாரிக்கு இங்கிலீஷ்ல அர்த்தம் நீ சொல்லு மாமா. கைமுட்டிய நான் காட்றேன்."