மூக்கும் மாமாவின் ஹீட்டரும்

மந்தைவெளியில் ஒரு தார்ப்பாயும் நாலு சவுக்குக் கம்பமும் நட்டுத் தொழில் தொடங்கியவன் நான். ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்ததுதான் என் படிப்பு. இன்று அதே இடத்தில் தகரக் கூரை, காரைத் தூக்கும் லிஃப்ட் இரண்டு, ஏ.சி. போட்ட ஆபீஸ் அறை. இரண்டு வெள்ளம் பார்த்தும் நிற்கிறது. எல்லாம் தனி ஆளாக நான் கட்டியது. நான் கட்டாதது ஒன்றே ஒன்று, மூக்கு. அது தானாக வந்து சேர்ந்தது.

மூக்கு என்பது என் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். காருக்குள் இருக்கும் நாற்றத்தை மோந்தே பிடிப்பதில் அவரைப் போல ஒருவர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தலையை உள்ளே விட்டு மூன்று இழுப்பு இழுப்பார். "ஈரச் சாக்கு நாத்தம். ஏ.சி. பொட்டில பூஞ்சை" என்பார். இன்னொரு காரில், "எலி. செத்து நாலு நாளு ஆவுது." மூக்கு கெட்டுவிடும் என்று பவுடர் பூசமாட்டார், தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார். ஒருநாள் நான் செண்ட் அடித்துக்கொண்டு போனேன்.

"மொதலாளி, நீ தெருவாண்ட நில்லு" என்றார்.

என் கடையில், என்னை! நின்றேன்.

ஒரு மே மாதம், புதன்கிழமை. மயிலாப்பூர் மாமா ஒருவர் காரோடு வந்தார். வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"ஹீட்டரைப் போட்டா நாத்தம் கொடலைப் பிடுங்கறது. சரி பண்ணிக் குடுங்கோ."

"மெட்ராஸ்ல, மே மாசத்துல, ஹீட்டரா?"

"பொண்ணுக்குக் குன்னூர்ல பிரசவமாச்சு. கொழந்தைக்கு முப்பது நாள் ஆறது, அழைச்சுண்டு வரணும். அங்கே விடிகாலையில குளிர் தாங்காது. பச்சைக் கொழந்தையை இந்த நாத்தத்துல எப்படிய்யா வச்சுண்டு வருவேன்? வெள்ளிக்கிழமை கெளம்பியாகணும்."

நான் காரில் ஒரு நிமிடம் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன். ஹீட்டருக்குள் இருக்கிற சின்ன ரேடியேட்டர் ஓட்டை, கூலன்ட் கசிகிறது, டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், நாலு நாள் ஆகும். மாமா முகம் வாடிவிட்டது.

மூக்கு எனக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே வந்து நின்றார்.

"கய்ட்டாத மொதலாளி. கூலன்ட்டு கசிஞ்சா வெல்லப்பாகு மாரி இனிப்பா அடிக்கும். கால்மாட்டுல ஈரம் கீதா பாரு. டப்பால சொட்டு கொறஞ்சிக்கீதா பாரு."

பார்த்தேன். ஈரமும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்ப இன்னா நாத்தம்?"

"தெர்ல. உள்ள குந்தினாத்தான் தெரியும்."

அவர் வாயில் 'தெர்ல' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். 

கத்திரி வெயில், நடு மத்தியானம். மூக்கு காருக்குள் ஏறினார். கண்ணாடியை எல்லாம் ஏற்றி, ஹீட்டரைக் கடைசி வரை திருப்பி, கண்ணை மூடி உட்கார்ந்தார். கால் மணி நேரம்! தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கீரைக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், இன்னாத்துக்கு அந்தாள உள்ள வெச்சி அவிக்கிற?"

கதவு திறந்தது. பிழியாத துணி மாதிரி இறங்கினார்.

"மாமா, நீ கோயிலுக்குப் போவியா?"

"சனிக்கிழமை தவறாம ஆஞ்சநேயர் கோவில்."

"பிரசாதம் இன்னா குடுப்பாங்கோ?"

"வெண்ணெய்க் காப்பு வெண்ணெய். தொன்னையில தருவா."

"அத்த வண்டில எங்க வெப்ப?"

மாமா நிமிர்ந்தார். "கால் படற எடத்துல வைக்கலாமோ? ஒக்கார்ற சீட்டுல வைக்கலாமோ? பகவான் பிரசாதம்! ஒசரமா, முன்கண்ணாடி ஓரமாத்தான் வைப்பேன்."

அவ்வளவுதான் விஷயம். வெயிலில் உருகிய வெண்ணெய், கண்ணாடியடியில் காற்று வருகிற இடுக்கு வழியாக, வாரா வாரம் ஹீட்டருக்குள் இறங்கியிருக்கிறது. ஏ.சி. போட்டால் உறைந்து சும்மா கிடக்கும். ஹீட்டர் போட்டால் ஊசின வெண்ணெய் காயும்.

"தவறாம போனேனேய்யா!" என்றார் மாமா.

"அத்தான் தப்பாப் போச்சு. நடுவுல ரெண்டு வாரம் லீவு வுட்ருக்கலாம்."

டேஷ்போர்டைத் தொடவே இல்லை. கீழே ஃபேனை மட்டும் இறக்கினோம். மேல் இடுக்கில் சீயக்காய் கரைத்த சுடுதண்ணீரை ஊற்ற, ஏ.சி. தண்ணீர் போகிற குழாயில் பழுப்பாக வடிந்தது. மாமா அபிஷேகம் பார்ப்பதுபோலக் கைகூப்பி நின்றார். சீயக்காய் மூக்கின் யோசனை. சுடுதண்ணீர் வைத்தது நான். வியாழக்கிழமை மறுபடி உள்ளே உட்கார்ந்து மோந்துவிட்டு, "கொயந்தய ஏத்தலாம்" என்றார்.

குழந்தை குன்னூரிலிருந்து நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தது. மூக்கு குனிந்து அதன் உச்சந்தலையை மோந்தார். "ஒரு கொறையும் இல்ல" என்றார்.

கொரோனா வந்துபோனபோது மூக்குக்கு மோப்பம் போய்விட்டது. அவர் சொல்லவில்லை. நான் செண்ட் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றும், தெருவுக்குப் போகச் சொல்லவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அன்றோடு செண்ட்டை விட்டேன்.

இன்றும் எந்தக் கார் வந்தாலும் அவர்தான் முதலில் தலையை விடுவார், மூன்று இழுப்பு இழுப்பார். அதற்குள் நான் இந்தப் பக்கக் கதவைத் திறந்து மோந்துவிட்டு, "ஈரச் சாக்கு மாரி கீதே, பூஞ்சையா இருக்குமோ மூக்கு?" என்பேன்.

"அத்தான் சொல்ல வந்தேன்" என்பார்.

ஆக, கொரோனாவுக்கு அப்புறம் இத்தனை வருஷமாக மூக்கு கண்டுபிடித்தது எல்லாம் நான் கண்டுபிடித்தது. அதை என் பெயரில்தான் சொல்ல வேண்டும், கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.