நகரி மலையும் எங்க மாமா மூக்கும்

மூக்கு மாமா, ஒன்னுது மாதிரி மூக்கு இந்த ஜில்லாவுல இன்னொண்ணுதான் இருக்குது. அது மலை. நகரி மலை.

புத்தூர்ல ஆட்டோ ஓட்டிக்கினு இருந்த எங்கக்கா வூட்டுக்காரரத்தான் சொல்றேன். ஊரு தாண்டின ஒடனே அந்த மலை தெரியும். ஒரு ஆளு மல்லாக்க படுத்து, மூக்க வானத்துக்குத் தூக்கிக்கினு இருக்கற மாதிரி. மாமாவுக்கும் அச்சு அசலா அதே மூக்கு.

கைலாசகோனா அருவிக்குக் குளிக்கப் போறோம்னு மெட்ராஸ்காரங்க யாரு ஏறினாலும் வழியில வண்டிய ஓரங்கட்டுவாரு. எறங்கி, மலைய ஒட்டின மாதிரி பக்கவாட்டுல திரும்பி, அண்ணாந்து நிப்பாரு.

"ரெண்டு மூக்கையும் ஒண்ணா போட்டோ எடு சார். அருவி எங்கியும் ஓடிப்போவாது."

எடுக்கலன்னா ஆட்டோ கெளம்பாது. பாவம், துண்டத் தோள்ல போட்டுக்கினு முழிப்பாங்க. அக்கா வண்டியில இருந்தா அவளையும் கூட நிக்கச் சொல்லி கெஞ்சுவாரு. எனக்குச் சப்ப மூக்கு, இந்தக் கூத்துக்கு ஆள வுடுன்னுடுவா.

அப்பறம் ஜில்லா பாடம் ஆரம்பிக்கும். ஜில்லாவே படுத்துக்கெடக்கற ஒரு ஆளாம். திருமலை தலையாம். தண்ணி கொட்டறதால தலகோனா அருவி வாயாம். புள்ளையாரு இருக்கறதால காணிப்பாக்கம் தொப்பையாம். காலு ரெண்டும் ஜில்லாவையும் தாண்டி, நாயுடுபேட்டைக்கு அந்தாண்ட, பறவைங்க வர்ற ஏரியில ஊறிக்கினு இருக்குதாம். அப்ப சந்திரகிரி கோட்டை எதுன்னு வண்டியில வந்த ஒரு அம்மா கேட்டாங்க. மாமா கொஞ்சம் யோசிச்சாரு.

"அது பல்லும்மா. பாதி வுழுந்துபோச்சு."

ஜில்லாவ ரெண்டா பிரிச்சு, நகரி சித்தூரு பக்கமும் புத்தூரு திருப்பதி பக்கமும் போனப்போ, மாமா அன்னிக்குச் சோறு துன்னல. மூக்க ஒருத்தர்கிட்டயும் மூஞ்சிய இன்னொருத்தர்கிட்டயும் குடுத்துட்டாங்களே, சளி புடிச்சா யாரு சிந்தறதுன்னு பொலம்பிக்கினே இருந்தாரு.

போன மாசம் நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாரு. எழுந்துக்கவே இல்ல.

கருமாதிக்கு பிளெக்ஸ் அடிக்கணும். அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அவரு என்னைய நேரா பாக்கற மாதிரி ஒரு போட்டோ கொண்டுவாடி."

ஆட்டோ ஸ்டாண்டுல இருக்கறவங்க போனெல்லாம் வாங்கிப் பாத்தேன். எல்லாத்துலயும் பக்கவாட்டு மூக்கு. கல்யாண ஆல்பத்துல, தாலி கட்டறப்போ கூட ஜன்னலுக்கு வெளிய மலைய பாத்துக்கினு இருக்காரு. ஆதார்ல மட்டும் நேரா பாக்கறாரு. அதக் காட்டினா, இது யாருடின்னு கேட்டா அக்கா.

கடசியில இருக்கறதையே குடுத்தோம். செத்தவங்க எல்லாம் நேராதாம்மா பாப்பாங்க, இவரு இன்னா ஏரோபிளேன் பாக்கறாருன்னு பிளெக்ஸ் கடக்காரரு தலைய சொறிஞ்சாரு.

மாமா வண்டிய ஓரங்கட்டற அதே எடத்துல கட்டினோம். தள்ளி நின்னு பாத்தா, அந்தாண்ட மலை, இந்தாண்ட மாமா. ரெண்டு பேரும் வானத்த பாத்துக்கினு.

நேரா பாக்கலயேன்னு அக்கா அழப்போறான்னு பயந்தேன். அவ பிளெக்ஸ் கிட்ட போனா. முந்தானையில மூஞ்சிய தொடச்சிக்கினா. பக்கவாட்டுல திரும்பி, அவர மாதிரியே அண்ணாந்து நின்னா.

"எட்றி போட்டோ."

அருவிக்கோ சாமிக்கோ அந்தப் பக்கம் போறவங்க, கொஞ்சம் வண்டிய நிறுத்தி எங்க மூக்கு மாமாவுக்காக வேண்டிக்கினு போங்க. அண்ணாந்து பாத்து வேண்டிக்கோங்க, அவருக்குப் புடிக்கும்.