நான் கடித்த கைத்துப்பாக்கி

என்னை யாராவது தைரியசாலி என்று சொன்னால், அவர் என்னோடு ஒரு தடவையும் பஸ்ஸில் போனதில்லை என்று அர்த்தம். நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. (வீட்டில் இதை நான் ஒத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. எல்லோருக்கும் தெரியும்.)

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். தோட்டத்து மேனேஜரான துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, லைசென்ஸ் எடுத்த தன் சின்னக் கைத்துப்பாக்கிக்கு, பெல்ட்டில் மாட்டுகிற தோல் உறை ஒன்று பக்கத்து டவுனான ஹட்டனில் பார்த்து வாங்கி வரச் சொன்னார்.

துப்பாக்கி பங்களாவை விட்டு வெளியே போகாது. அது இல்லாமல் எந்த உறை பொருந்தும் என்று எப்படிப் பார்ப்பது? பங்களா சமையல்காரர் அந்தோனி அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். துரை குண்டுகளைக் கழற்றி மேசையில் வைத்த துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து, கோதுமை மாவில் அதே அளவுக்கு ஒன்று செய்து, ஓவனில் வைத்துச் சுட்டார். வெளியே எடுத்தபோது கன்னங்கரேலென்று இருந்தது.

"கொஞ்சம் கருகிருச்சு தம்பி. அதுனால என்ன, அசல் மாதிரியே இருக்குல்ல?"

அதுதானே என் பயமே! பையில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, மகா புத்திசாலித்தனமாக அதை இடுப்பில் செருகி ஸ்வெட்டரை மேலே இழுத்துவிட்டேன். (துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.)

ஹட்டனுக்குக் கொஞ்சம் முன்னால் பொலிஸ் பஸ்ஸை நிறுத்தியது. வழக்கமான சோதனைதான். நானோ ஸ்வெட்டரை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். வேலை போகும், ஜெயிலில் போடுவார்கள், அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பார்க்க வருவார். இந்த யோசனையோடு படியில் இறங்கும்போது ஸ்வெட்டர் மேலே ஏறிவிட்டது.

"ஐயோ, துவக்கு!" என்று பின்னால் ஒரு அம்மா அலறினார்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன். சார்ஜன்ட் அதை உருவியெடுத்து, இது என்னவென்று சிங்களத்தில் அதட்டினார். எனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையும் மறந்துபோயிற்று.

"ரொட்டி, சேர்!"

அவர் முறைத்தார். கையை இறக்கினால் சுட்டுவிடுவாரோ என்று பயம். தூக்கிய கை தூக்கியபடியே கழுத்தை நீட்டி, அவர் கையிலிருந்த துப்பாக்கியின் குழலைக் கடித்தேன். குழல் ஒடிந்தது. என் முன்பல்லில் பாதியும் ஒடிந்தது.

சார்ஜன்ட் கைப்பிடியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, உப்புக் கூடிவிட்டது என்றார். பஸ்ஸே சிரித்தது. என் கை மட்டும் இறங்க மறுத்தது.

ஹட்டன் தோல் கடையில், சார்ஜன்ட் திருப்பிக் கொடுத்த மிச்சத்தை நீட்டினேன். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குழல் எங்க தம்பி?"

"சாப்பிட்டுட்டேங்க."

அவர் உறைகளை எடுத்துப் பரப்பினார். "விசை மூடியிருக்கணுமா? தொரைக்கு வலது கையா, இடது கையா?" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இருந்ததில் பெரிய உறையாக வாங்கி வந்தேன்.

துரை அதில் வெற்றுத் துப்பாக்கியைப் போட்டு இரண்டடி நடந்தார். அது நழுவி அவர் கால் விரலில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நீ போய் கூலிக்கணக்கு செக்ரோல எழுது," என்றார். வேலை தப்பியது.

பஸ் கண்டக்டர் புண்ணியத்தில் கதை தோட்டம் முழுக்கப் பரவி, பிறகு எனக்கு வாய்த்த மனைவி காதுக்கும் போய்விட்டது. இன்றைக்கும் அவள் சுடுகிற ரொட்டி கருகிப்போனால் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தட்டை முன்னால் வைத்துவிட்டுச் சொல்வாள்: "ம்... கையத் தூக்கிக்கிட்டுச் சாப்பிடுங்க."