ஐயாயிரம் டொலர்த் துவக்கும் பன்னிரண்டு பங்கு மானும்

ஸ்ரௌவ்வில்,
செப்டெம்பர் 28.

மொன்றியலில் இருக்கும் அன்பும் மதிப்புமுள்ள சீமோன் அத்தானுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் செலீனும் சுகம். உங்கள் முழங்கால் நோவும் அக்காவின் சீனி வருத்தமும் அடங்கியிருக்க வேண்டுகிறேன். போன் எடுக்காமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பீர்கள். பேர்ணடெற் அக்கா கேட்டால் பத்து நிமிடத்தில் அது செலீனிடம் வந்து நிற்கும்.

விஷயம் இதுதான். ஐயாயிரம் டொலருக்கு ஒரு வேட்டைத் துவக்கு வாங்கப்போகிறேன். அந்த விலைக்கு அது பெறுமா என்று இரண்டு மாதமாக யோசித்து, பெறும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் டேவ், வருகிற நவம்பரில் மான் வேட்டைக்கு வரச் சொன்னான். நானும் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், முதல்தரம் கோட்டைவிட்டு, இரண்டாம் தரம் சோதனை பாஸ் பண்ணினேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் பார்க்கிங்கில் நின்றபோது அன்புராசாவிடம் சொல்லிப்போட்டேன். அவன் உடனே, "அண்ணை, மானெண்டால் எனக்கும் ஒரு பங்கு போடுங்கோ" என்றான். ஆடு அடித்துப் பங்கு பிரிக்கிற எங்கட சனத்துக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை, கார்க் கதவைத் திறப்பதற்குள் ஏழு பங்கு ஆகிவிட்டது. காட்டு இறைச்சி விற்பது இங்கே குற்றம், சும்மாதான் தருவேன் என்று அடுத்த கிழமை சொன்னேன், அதைக் கேட்டு இன்னும் ஐந்து பங்கு கூடியது. நிரோஷினிக்கு ஈரல் வேண்டுமாம். றொய்சனுக்குக் கொழுப்பில்லாத தொடை. மான் இன்னும் காட்டில் நிற்கிறது, அதன் தொடைக்கு இங்கே ஆள் நிற்கிறது.

பிறகு டேவ் என்னைச் சுட்டுப் பழகுகிற இடத்துக்குக் கூட்டிப்போனான். அவனுடைய முப்பது வருடப் பழைய துவக்கால் பத்து வெடி வைத்தேன். குறி பார்க்கும் கடதாசியில் ஒரு ஓட்டைகூட இல்லை. பிழை துவக்கில்தான் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. கடையில் எழுநூறு டொலருக்கும் ஒன்று இருக்கிறது, உனக்கு அது போதும் என்கிறான் டேவ். ஆனால் அத்தான், ஐயாயிரம் டொலர்த் துவக்கைத் தோளில் வைத்துப் பார்த்தேன், வால்நட் மரப் பிடி, கன்னத்துக்குத் தலையணை வைத்த மாதிரி. பன்னிரண்டு வீட்டுக்கு வாக்குக் குடுத்துப்போட்டு மலிவுத் துவக்கோடு காட்டுக்குப் போகேலுமோ? வெறுங்கையோடு திரும்பினால் சாகும்வரை கோயில் வாசலில் எனக்கு "மான்காரன்" என்றுதான் பெயர்.

ஒரேயொரு தடைதான் மிச்சம். துவக்கு லைசென்ஸ் படிவத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். செலீனோ, "கோழி வெட்டுறதைப் பாக்கேலாமல் கண்ணை மூடுற மனிசனுக்கு ஏன் துவக்கு?" என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள், ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும் நான் பின்வாங்குவதாக இல்லை.

உங்கள் இருவருக்கும் தேவமாதாவின் காவல் என்றும் இருக்கட்டும். அக்காவுக்கு என் அன்பை மட்டும் கொடுங்கள், கடிதத்தைக் கொடுக்க வேண்டாம்.

உறுதி மாறாத உங்கள் மைத்துனன்,
ஜூலியஸ்

பி.கு.: முத்திரை இல்லாமல் கடிதம் ஒரு கிழமை மேசையில் கிடந்ததில் செலீன் வாசித்துவிட்டாள். பேனையை எடுத்துப் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். பிறகு, சுட்டுப் பழகிய அன்று டேவ் எடுத்து என் போனுக்கு அனுப்பி நான் திறந்தே பார்க்காத வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பத்து வெடிக்கும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறேன். "கண்ணை மூடிக்கொண்டு சுடுறதுக்கு எழுநூறு டொலரே அநியாயம்" என்றாள். ஆகவே நேற்று ஒரு பண்ணைக்குப் போய் இரண்டு ஆடு அடித்து, பன்னிரண்டு பங்கு போட்டு வீடு வீடாகக் கொடுத்தோம். அடிக்கும்போது நான் காருக்குள் இருந்தேன். இது மான் இல்லை, ஆடு என்று ஒவ்வொரு வாசலிலும் உண்மையைச் சொன்னேன். ஒருவர்கூடக் கவலைப்படவில்லை, அதுதான் அத்தான் எனக்குக் கவலை. நிரோஷினி ஈரலை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நல்ல காலம் அங்கிள். நீங்கள் சுட்டுக்கொண்டு வந்திடுவியளோ எண்டு பயந்துகொண்டிருந்தனான், மானை எப்பிடிச் சமைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது."